பதவி கடையாகும்போது: இப்னு கல்தூனின் வாழ்க்கை தரும் பாடம்

நெல்லியடியில் ஒரு சிறிய இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆணி, கம்பி, பூட்டு, தண்ணீர்க் குழாய், மண்வெட்டி என்று வீடு கட்டுபவர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் வேண்டிய சாமான்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில் வடமராட்சி மக்கள் அதிகம் கூடும் வியாபார இடம் இது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் பாடசாலைச் சிறுவன். புத்தளத்தில் வளர்ந்தேன். போர் முடிந்த பின் திரும்பி வந்து, கையில் இருந்ததோடு கடனும் பட்டு இந்தக் கடையைத் திறந்தேன்.

சில வருடங்களுக்கு முன் கடையைப் பெருப்பிக்க ஓர் அனுமதி தேவைப்பட்டது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கடதாசிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கோப்பு மூன்று மாதம் அசையவில்லை. பிறகு ஒருவர் கடைக்கு வந்து, மேசையில் இருப்பவருக்கு ஏதாவது சந்தோசம் கொடுத்தால் நல்லது என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார். நான் கொடுத்தேன். இரண்டு நாளில் அனுமதி வந்தது. எனக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒரு தம்பியும் அதே மேசைக்குத்தான் விண்ணப்பித்திருந்தார். அவரிடம் கொடுக்கக் காசில்லை. கொடுக்க மனமும் இல்லை. ஆறு மாதம் அலைந்துவிட்டுக் கடையை மூடினார். இப்போது கட்டாரில் இருக்கிறார்.

இலஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று சிறு வயதிலேயே ஓதியவன் நான். எனக்கு உரிமையானதைத்தான் பெற்றேன், நிர்ப்பந்தத்தில்தான் கொடுத்தேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியான நிலைக்கு மார்க்க அறிஞர்கள் சலுகை சொல்லியிருப்பதும் உண்மைதான். ஆனால் என் கோப்பு மேலே வந்தபோது அந்தத் தம்பியின் கோப்பு கீழே போனது. அதை எந்தச் சலுகையாலும் மறைக்க முடியவில்லை.

அந்த நாட்களில்தான் இப்னு கல்தூனின் வாழ்க்கையை வாசிக்கத் தொடங்கினேன். சமூகவியலின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோன பெயர். வாசிக்க வாசிக்க, ஊழல் ஒரு நாட்டின் வியாபாரத்தையும் வளத்தையும் எப்படி அரிக்கிறது என்பதை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே உள்ளேயிருந்து பார்த்த மனிதர் இவர் என்பது புரிந்தது. உள்ளேயிருந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவரும் அதே மேசைகளில் அமர்ந்தவர்தான்.

பதவி கொடுத்ததும் பறித்ததும்

வலியுத்தீன் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமழான் முதல் நாள், அதாவது 1332 மே 27 அன்று தூனிஸ் நகரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் யெமன் நாட்டின் ஹழரமவ்த். பல தலைமுறைகள் ஸ்பெயினின் இஷ்பீலியாவில், இன்றைய செவில் நகரில், செல்வாக்கோடு வாழ்ந்தவர்கள். 1248 இல் அந்நகரம் கிறிஸ்தவ மன்னரிடம் வீழ்ந்த காலத்தில் வீடு வாசலை விட்டு வட ஆபிரிக்காவுக்கு வந்தார்கள். இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை என்பதால் எனக்கு அவர் மீது ஆரம்பத்திலேயே ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

அவருடைய பூட்டனார் தூனிஸ் அரசின் நிதிப் பொறுப்பை வகித்தவர். ஆட்சியைக் கைப்பற்றிய ஒருவன் அவரைச் சிறையிலிட்டு, சொத்துக்களைப் பறித்து, கழுத்தை நெரித்துக் கொன்றான். பதவியால் வரும் செல்வம் பதவியோடு போய்விடும், சில வேளை உயிரையும் சேர்த்துக்கொண்டு போகும் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்த பாடம். தகப்பனார் அரசியலை விட்டு விலகிக் கல்வியோடும் இபாதத்தோடும் இருந்துகொண்டார். மகன் அந்தப் பாதையில் போகவில்லை.

இப்னு கல்தூனுக்குப் பதினாறு, பதினேழு வயதாகும்போது பெரும் கொள்ளைநோய் வந்தது. 1348, 1349 காலப்பகுதியில் மத்திய தரைக்கடலின் இரு கரைகளையும் வெறுமையாக்கிய நோய் அது. தாய், தகப்பன், ஆசிரியர்களில் பலர் என எல்லோரும் போய்விட்டார்கள். இருபது வயதளவில் தூனிஸ் அரசவையில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. அரச ஆவணங்களின் தலைப்பில் அல்லாஹ்வைப் புகழும் வாசகத்தை அரச முத்திரையாக எழுதுவது வேலை. சிறிய வேலைதான். ஆனால் எந்த ஓலை யாருக்குப் போகிறது, எந்த ஓலை ஏன் தாமதிக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கக்கூடிய இடம்.

அங்கிருந்து மொரோக்கோவின் பாஸ் நகருக்குப் போனார். சுல்தான் அபூ இனானின் சபையில் இடம் கிடைத்தது. அடுத்து ஒரு சதியில் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் 1357 இல் சிறை. இருபத்தொரு மாதங்கள் உள்ளே இருந்தார். சுல்தான் இறந்த பின்தான் வெளியே வந்தார். அடுத்த சுல்தானை அரியணையேற்றும் முயற்சியில் பங்கெடுத்து, அவருக்குச் செயலாளரானார். அதிகாரிகளுக்கு எதிரான மக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் மழாலிம் மன்றப் பொறுப்பும் சிறிது காலம் அவரிடம் இருந்தது.

அவர் கட்சி மாறாத மனிதர் என்று சொன்னால் அது பொய். ஒரு சுல்தான் சரியும்போது அடுத்தவரின் வாசலில் நின்றிருக்கிறார். அவருடைய சுயசரிதையே இதற்குச் சாட்சி. நம்மில் பலர் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இவற்றை விட்டுவிடுகிறோம். விட்டுவிட்டால் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றின் கனம் நமக்கு விளங்காது.

ஒரு கோவேறு கழுதையும் ஒரு கிராமமும்

1362 இன் இறுதியில் கிரனாதா சென்றார். அங்கே சுல்தான் ஐந்தாம் முஹம்மதும், அமைச்சரும் பெரும் அறிஞருமான இப்னுல் கத்தீபும் அவரை அன்போடு வரவேற்றார்கள். 1364 இல் கஸ்டீலின் மன்னர் பெட்ரோவிடம் தூது சென்றார். மன்னர் இருந்தது இஷ்பீலியாவில், மூதாதையர் விட்டுவந்த அதே ஊரில். தன்னிடமே தங்கிவிட்டால் குடும்பத்தின் பழைய சொத்துக்களை மீட்டுத் தருவதாக மன்னர் சொன்னார். இப்னு கல்தூன் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். இழந்த காணியைத் திரும்பப் பெற அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எமக்கு, அந்த மறுப்பின் விலை தெரியும்.

விடைபெறும்போது மன்னர் பொன்வேலை செய்த கடிவாளத்தோடு ஒரு கோவேறு கழுதையைப் பரிசாகக் கொடுத்தார். தூதுவராகப் பெற்றதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கிரனாதா சுல்தானிடம் ஒப்படைத்தார் இப்னு கல்தூன். மகிழ்ந்த சுல்தான் நீர்வளம் மிக்க ஒரு கிராமத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார். பரிசை ஒப்படைத்தது நேர்மை. ஆனால் ஒரு கழுதைக்குப் பதிலாக ஒரு கிராமம் வந்ததையும் பார்க்க வேண்டும். அந்தக் கிராமத்து உழவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் என்ன பங்கு? பதவிக்குப் பக்கத்தில் நிற்பவனிடம் செல்வம் எப்படித் தானாக வந்து சேர்கிறது என்பதை அவர் பிற்காலத்தில் எழுதினார். அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

1365 இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயாவின் ஆட்சியாளருக்குத் தலைமை அமைச்சரானார். காலையில் நிர்வாகம், மற்ற நேரத்தில் பள்ளிவாசலில் பாடம். வரி கொடுக்க மறுத்த மலைவாழ் பர்பர் கோத்திரங்களிடம் அவரே நேரில் சென்று, ஆட்களைப் பிணை பிடித்து வரி வசூலித்திருக்கிறார். அடுத்த வருடமே அந்த ஆட்சியாளர் போரில் கொல்லப்பட, நகரத்தை வென்றவரிடம் ஒப்படைத்தார். சிறிது காலத்தில் வென்றவருக்கும் அவர் மீது சந்தேகம் வந்தது. இவர் தப்பிவிட்டார், சகோதரர் யஹ்யா சிறைப்பட்டார், குடும்பத்தின் உடைமைகள் பறிமுதலாயின. நண்பர் இப்னுல் கத்தீப் 1374 இல் பாஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பூட்டனாரின் கதை கண்முன்னே திரும்பவும் நடந்தது.

கோட்டையில் எழுதிய புத்தகம்

1375 இல், நாற்பத்து மூன்று வயதில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அல்ஜீரியாவின் உட்பகுதியிலுள்ள இப்னு ஸலாமா கோட்டைக்குப் போனார். அங்கே ஏறக்குறைய நான்கு வருடம் இருந்தார். உலக வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கி, அதற்கு முன்னுரையாக எழுதியதுதான் முகத்திமா. முதல் வரைவை ஐந்தே மாதத்தில், 1377 இல் முடித்தார்.

இன்று ஊழலைப் பற்றிப் பேசுபவர்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். சட்டத்தரணிக்கு அது குற்றம். பொருளியலாளருக்கு அது செலவு. அரசியல் ஆய்வாளருக்கு அது ஆட்சிமுறைக் கோளாறு. ஆலிமுக்கு அது ஹராம். முகத்திமாவில் இந்த நான்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதில் நான்கு விடயங்களை ஒரு சிறு வியாபாரியின் கண்ணால் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, பதவிச் செல்வாக்கு. அரபியில் ஜாஹ் என்பார்கள். செல்வாக்குள்ளவனுக்கு மக்கள் இலவசமாக வேலை செய்கிறார்கள், அன்பளிப்புக் கொண்டுவருகிறார்கள், அவன் தயவுக்காகத் தம் உழைப்பை அவனிடம் விட்டுப்போகிறார்கள். அவன் உழைக்காமலே மற்றவர்களின் உழைப்பின் பெறுமதி அவனிடம் குவிகிறது. செல்வாக்கில்லாத வியாபாரிக்கோ தன் முதலும் தன் கையும் மட்டுமே. ஆகவே முன்னேற விரும்புபவன் தொழிலைக் கற்பதை விடப் பணிந்து போகக் கற்கிறான். தன் தொழில் திறமையில் பெருமை கொண்டவன், யாரிடமும் குனியாதவன், ஏழையாகவே இருக்கிறான். இதை வாசித்தபோது அந்தச் சைக்கிள் கடைத் தம்பிதான் நினைவுக்கு வந்தார். ஸகாத் சேகரிக்கப் போன ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். இப்னு கல்தூன் விரித்து எழுதியதன் வேர் அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது, ஆட்சியில் இருப்பவர் வியாபாரத்தில் இறங்குவது. சம பலமுள்ள வியாபாரிகள் போட்டியிட்டால் சந்தை வாழும். ஆட்சியாளரோ அவருடைய ஆட்களோ உள்ளே வந்தால் போட்டியே இல்லை. அவர்கள் குறைந்த விலைக்குப் பறித்து வாங்குவார்கள், கூடிய விலைக்குத் திணித்து விற்பார்கள். மற்றவர்களின் முதல் கரைந்து, கடைகள் மூடப்படும். மூடப்பட்ட கடை வரி கட்டாது. ஆட்சியாளர் அடைந்த இலாபத்தை விட, அவர் இழந்த வரியே அதிகமாகிவிடும்.

இதற்கு உதாரணம் தேட நாம் தூனிஸ் போக வேண்டியதில்லை. 2015 பெப்ரவரி 27 அன்று இலங்கை மத்திய வங்கியில் நடந்த பிணைமுறி ஏலத்தில் கோரப்பட்டது 100 கோடி ரூபா. ஏற்கப்பட்டது 1,000 கோடிக்கும் மேல். அதில் பெரும் பங்கை எடுத்தது அப்போதைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புபட்ட நிறுவனம். ஜனாதிபதி ஆணைக்குழு வரை போன விவகாரம் அது. 2020 ஒக்டோபரில் சீனிக்கான விசேட இறக்குமதி வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசு இழந்த வருமானம் 1,500 கோடி ரூபாவுக்கும் மேல் என்று பாராளுமன்றக் குழுவின் முன் கணக்குச் சொல்லப்பட்டது. சாதாரண மக்கள் வாங்கிய சீனியின் விலையோ அதற்கேற்பக் குறையவில்லை. நெல்லியடிப் பலசரக்குக் கடைக்காரருக்கு அந்த 50 ரூபாவில் எதுவும் வரவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்றாவது, வரி. ஓர் அரசு எளிமையாக இருக்கும்போது வரியும் குறைவு. மக்கள் ஊக்கத்தோடு உழைப்பதால் வருமானம் அதிகம். ஆடம்பரம் கூடக்கூட வரியும் கூடும், ஊக்கம் குறையும், கடைசியில் வருமானமும் விழும் என்றார் இப்னு கல்தூன். அமெரிக்க ஜனாதிபதி றேகன் 1981 இல் வரிக் குறைப்புக்கு ஆதரவாக இவரது பெயரைச் சொன்னது பிரசித்தம். ஆனால் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆபத்து. 2019 டிசம்பரில் எமது நாட்டிலும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆட்சியின் செலவும் ஆடம்பரமும் குறையவில்லை. அரச வருமானம் சரிந்தது. குறைந்த வரிக்கு முன் நிபந்தனையாக எளிமையான, கை சுத்தமான ஆட்சியை அவர் வைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நான்காவது, அநீதி. பிறர் சொத்தை வெளிப்படையாகப் பறிப்பது மட்டும் அநீதி அல்ல. உரிமையில்லாததைக் கேட்பது, ஒருவருக்கு உரியதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது, கூலி கொடாமல் வேலை வாங்குவது எல்லாமே அநீதிதான் என்கிறார். இதனால் மக்களுக்குச் சம்பாதிக்கும் ஆசையே போய்விடும். உழைத்தது தன்னிடம் நிற்காது என்று தெரிந்தவன் ஏன் உழைக்க வேண்டும்? கையை மடக்கிக்கொள்வான், அல்லது ஊரை விட்டுப் போவான். பெரிய நகரங்களில் இந்தச் சேதம் உடனே தெரியாது என்றும் எச்சரிக்கிறார். செல்வம் நிறைய இருப்பதால் ஓட்டைகள் மெதுவாகத்தான் வெளியே வரும். தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய பாரசீகக் கதையையும் அவர் எடுத்துச் சொல்கிறார். மன்னர் பஹ்ராம் ஆந்தைகள் அலறுவதைக் கேட்டு, என்ன பேசுகின்றன என்று தன் மதகுருவிடம் வினவினாராம். ஆண் ஆந்தை பெண் ஆந்தையை மணம் கேட்கிறது. பெண் ஆந்தை இருபது பாழடைந்த கிராமங்களைச் சீதனமாகக் கேட்கிறது. இந்த மன்னரின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் கிராமங்களே தரலாம் என்று ஆண் ஆந்தை ஒப்புக்கொள்கிறது என்றார் மதகுரு. மன்னருக்கு வெட்கமாகிவிட்டது. இருபது வருடம் கழித்து யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கூரையில்லாத எங்கள் வீட்டுக்குள் காடாய் வளர்ந்த மரங்களைப் பார்த்தவன் நான். பாழடைந்த ஊர் என்பது எனக்குக் கதையில் வரும் சொல் அல்ல. எங்கள் வீடுகளைப் பாழாக்கியது போர். போரில்லாத ஊரையும் பாழாக்க ஒரு வழி இருக்கிறது என்று இந்தக் கதை சொல்கிறது.

கெய்ரோவின் நீதிபதி

எழுதிய மனிதர் எழுதியதோடு நின்றிருந்தால், இதை ஒரு நல்ல புத்தகம் என்று சொல்லி முடித்திருக்கலாம். அல்லாஹ் அவரை ஒரு பரீட்சைக்கு உட்படுத்தினான்.

1382 இல் தூனிஸிலிருந்து புறப்பட்டு அலெக்சாந்திரியா வழியாகக் கெய்ரோ சென்றார். 1384 இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிகி மத்ஹபின் தலைமைக் காழியாக நியமித்தார். ஐம்பத்திரண்டு வயது. இதுவரை வாசலில் நின்று செல்வாக்குத் தேடியவர், இப்போது மற்றவர்கள் செல்வாக்கோடு வந்து நிற்கும் மேசையில் அமர்ந்தார்.

அவர் கண்டது அழுகிப்போன ஒரு துறை. நீதிமன்றச் சாட்சிகளாகவும் ஆவணம் எழுதுபவர்களாகவும் இருந்தவர்களில் பலர் அமீர்களின் ஆட்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், தொழுகை நடத்தியும் நெருக்கம் தேடியவர்கள். அந்த நெருக்கத்தைக் காட்டி நேர்மையான சாட்சிகள் என்ற அந்தஸ்தைப் பெற்றிருந்தார்கள். பத்திரங்களில் தந்திரமான வாசகங்களைச் சேர்த்தும், பழைய ஆவணங்களை மறைத்தும் வக்பு சொத்துக்களைத் தனியார் கைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்கும் அநாதைகளுக்கும் என்று எவரோ நிய்யத்து வைத்து எழுதிய சொத்து, ஒரு பத்திர எழுத்தாளரின் பேனையால் கைமாறியது. கல்வியில்லாதவர்கள் பத்வா விற்றார்கள்.

இப்னு கல்தூன் அவர்களைத் தண்டித்தார். சிலரைப் பதவியிலிருந்து நீக்கினார். பெரியவர்களின் சிபாரிசை ஏற்க மறுத்தார். வழக்காளி யார் என்று பாராமல் ஆதாரத்தை மட்டும் பார்த்தார். மற்றக் காழிகள் அமீர்களைத் திருப்திப்படுத்தி நடந்தது போல அவரும் நடக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அவருக்கு எதிராக ஒரு கூட்டமே சேர்ந்தது. கடுமையானவர், ஊர் வழக்கம் தெரியாத வெளியூர்க்காரர் என்று பேசினார்கள்.

அந்த நேரத்தில்தான் தூனிஸிலிருந்து அவர் குடும்பத்தை ஏற்றி வந்த கப்பல் அலெக்சாந்திரியா அருகே மூழ்கியது. மனைவியையும் பிள்ளைகளையும் உடைமைகளையும் கடல் கொண்டது. பெற்றோரைக் கொள்ளைநோயில் இழந்தவர் இப்போது குடும்பத்தையும் இழந்தார். 1385 இல் பதவியும் போனது. ஒரு வருடம்கூட நிறைவாக இருக்கவில்லை.

பாடம் நடத்தினார், ஹஜ் செய்தார், முகத்திமாவைத் திருத்திக்கொண்டே இருந்தார். பதினான்கு வருடம் கழித்து 1399 இல் மீண்டும் காழிப் பதவிக்கு அழைத்தார்கள். மீண்டும் நீக்கினார்கள். இப்படி அவர் வாழ்நாளில் ஆறு தடவை நியமனம் பெற்றார். அந்தக் காலத்தில் அப்பதவியைப் பணம் கொடுத்துப் பெற்றவர்களும் இருந்தார்கள். அவருக்குப் பின் வந்த சில வரலாற்றாசிரியர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கழுதை

1400 இன் இறுதியில் தைமூர் ஷாமை நோக்கி வந்தபோது, இளம் சுல்தான் பரஜோடு இப்னு கல்தூனும் திமிஷ்க் சென்றார். கெய்ரோவில் சதி என்ற செய்தி கேட்டு சுல்தான் திரும்பிவிட்டார். முற்றுகையிடப்பட்ட நகரின் மதிலிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு, 1401 ஜனவரியில் இப்னு கல்தூன் தைமூரைச் சந்தித்தார். அறுபத்தெட்டு வயதில் அப்படி இறங்கியிருக்கிறார். ஒரு குர்ஆன் பிரதி, ஒரு தொழுகை விரிப்பு, எகிப்திய இனிப்புப் பெட்டிகள் அவர் கொண்டுபோன அன்பளிப்புகள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே தங்கினார். திமிஷ்க் எரிவதையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

புறப்படும் வேளையில் தைமூர் அவருடைய கோவேறு கழுதையை விலைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தார். வழியில் கொள்ளையர்கள் உடுத்திருந்ததையும் பறித்துக்கொண்டார்கள். பிறகு எகிப்தின் தூதுவர் ஒருவர் மூலம் தைமூர் அந்தக் கழுதையின் விலையை அனுப்பிவைத்தார். இப்னு கல்தூன் உடனே கை நீட்டவில்லை. அந்நிய ஆட்சியாளரிடமிருந்து வரும் பணம் இது. சுல்தானுக்குத் தெரியப்படுத்தி அனுமதி பெற்ற பிறகே எடுப்பேன் என்றார். அனுமதி வந்தது. பணம் கைக்கு வந்தபோது முழுத் தொகை இருக்கவில்லை. கொண்டுவந்தவர் தனக்குக் கிடைத்ததே இவ்வளவுதான் என்று சமாதானம் சொன்னார்.

முகத்திமா எழுதியவருக்கே வழியில் கழிவு போட்டுவிட்டார்கள் போலும் என்று நினைத்து நான் சிரித்தேன். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். நியாயமாகத் தனக்கு வர வேண்டிய விலைப் பணத்தைக்கூட வெளிச்சத்தில் வைத்து வாங்கினார். மறைவில் வரும் பணம் எதைச் செய்யும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர்.

1406 மார்ச் 17 அன்று, ரமழான் மாதத்தில், ஆறாவது தடவையாகக் காழியாக நியமிக்கப்பட்டுச் சில நாட்களில் கெய்ரோவில் வபாத்தானார். நகரின் நஸ்ர் வாசலுக்கு வெளியே ஸூபிகளின் மையவாடியில் அடக்கப்பட்டார். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக.

நமக்கு

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்றோம். 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளான மஹிந்த ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ உட்பட அதிகாரத்தில் இருந்த பலர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறியதாகத் தீர்ப்பளித்தது. அதே வருடம் வந்த 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. பெரிய நகரத்தின் ஓட்டைகள் மெதுவாகத்தான் தெரியும் என்று இப்னு கல்தூன் சொன்னது, நாடு முழுவதற்கும் பொருந்திப்போனது.

ஆனால் ராஜபக்ஷக்களைப் பேசிவிட்டுப் போவது எமக்கு இலகு. கெய்ரோவில் வக்பு சொத்தைத் தின்றவர்கள் கலிமா சொன்னவர்கள், தொழுகை நடத்தியவர்கள். எமது ஊர்களில் வக்புக் காணி, கடை வாடகை, ஸகாத் நிதி, இடம்பெயர்ந்தோர் வீட்டுத்திட்டப் பட்டியல் ஆகியவற்றின் கணக்கை ஜும்ஆவுக்கு வருகிறவர் கேட்டால் காட்டக்கூடிய நிலையில் எத்தனை நிர்வாகங்கள் இருக்கின்றன? பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் மாதக் கணக்கை ஒட்டுவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. பயனாளிகள் பட்டியலில் தன் உறவினரின் பெயர் இருந்தால், அதை முதலில் சபையில் சொல்லிவிட ஒரு தலைவருக்கு ஒரு நிமிடம் போதும். கழுதை விலைக்கு அனுமதி கேட்ட மனிதரிடமிருந்து இவ்வளவாவது கற்கலாம்.

வியாபாரிகளான எமக்கும் பங்குண்டு. தனித்தனியாகப் போனால் ஒவ்வொருவரும் சந்தோசம் கொடுத்துவிட்டு வருவோம். கோப்புத் தாமதமாகும் பத்துப் பேர் சேர்ந்து, திகதியிட்டு, எழுத்தில் காரணம் கேட்டால் மேசை கொஞ்சமாவது அசையும். இங்கே தமிழ், முஸ்லிம் என்ற பேதம் இல்லை. என் கோப்பு மேலே வர ஒரு தமிழ்த் தம்பியின் கோப்புத்தான் கீழே போனது. அவரிடம் நான் தொலைபேசியில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அண்ணா, கடை எப்படிப் போகிறது என்று கேட்டார்.

இந்த வருடம் ஒரு புதுப்பித்தலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பழைய ஆளே கடைக்கு வந்து போனார். இம்முறை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தை எழுத்தில் தரும்படி பதிவுத் தபாலில் கேட்டிருக்கிறேன். பற்றுச்சீட்டு லாச்சியில் இருக்கிறது. இன்றோடு ஐந்து வாரம். இன்னும் பதில் வரவில்லை.